வெயிலில் உருண்டு வந்த ஸ்டெப்னி

ரப்பர் காயும் வாடை எங்கே வந்தாலும் எனக்கு அந்த மத்தியானம் திரும்பி வந்துவிடுகிறது. இரண்டாயிரத்துச் சொச்சம், தீபாவளிக்கு முந்தைய சீசன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கு வேலை. லோடு லாரியோடு விருதுநகர் வரை போய், சரக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பட்டாசோடு இரும்பு போகக் கூடாது. உரசினால் பொறி, பொறி பட்டால் அவ்வளவுதான். அதனால் லாரியின் பாடிக்குள் கிடக்கும் ஸ்டெப்னியை, அந்த மாற்றுச் சக்கரத்தை, லோடு ஏற்றுகிறவர்கள் முதல் வேலையாக உருட்டி இறக்கிவிடுவார்கள். இரும்பு ரிம்மும் சரக்குப் பெட்டிகளும் ஒன்றாகக் குலுங்கிக்கொண்டு போவதை யாரும் ஒப்ப மாட்டார்கள். பாதுகாப்புக்காகத்தான் செய்தோம். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்று சிவகாசி வருவதற்குள், கரிசல் காட்டின் நடுவே, பின்பக்க இரட்டை டயர்களில் ஒன்று வெடித்தது.

இந்தப் பக்கத்து மனிதர்கள் எது வெடித்தாலும் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார்கள், புகை எழுகிறதா என்று. நானும் பார்த்தேன். வெளுத்த வெறும் வானம்.

டிரைவர் என் வயதுக்காரர், வாய் ஓயாதவர். இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். "எடப்பக்கம் வெளி டயரு, அண்ணாச்சி. உள் டயரு கல்லு மாதிரி இருக்கு. நொண்டியடிச்சே சிவகாசி போயிரலாம்."

லாரி நொண்டியது. கிழிந்த டயர் பக்கத்து டயரோடு உரசிக்கொண்டே வந்தது. கொஞ்ச தூரத்தில் அந்த வாடை எழுந்தது; அதற்கும் அடியில், எப்போதும் இருக்கிற பட்டாசு மருந்து வாடை.

"நிறுத்துங்க" என்றேன்.

"சூடுதான், அண்ணாச்சி. ஆறிரும்."

"பின்னால என்ன இருக்குன்னு மறந்துட்டீகளா?"

நிறுத்தினார். பிறகுதான் நின்ற இடத்தைப் பார்த்தார். தார் அங்கே மட்டும் உருகி உறைந்ததுபோல் கறுத்துக் கிடந்தது. ஓரத்துச் சீமைக்கருவேல மரங்கள் ரோட்டைப் பார்த்த பக்கம் மட்டும் பட்டுப்போயிருந்தன.

"ஏலே, இங்கனயா வந்து நிக்கணும்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். "முந்தி ஒரு லோடு வண்டி இதே எடத்துலதான் எரிஞ்சு போச்சு."

காற்று இல்லை. ஒரு காக்கை இல்லை. லாரி சாய்ந்து நின்றதில் உள்ளே பெட்டிகள் மெல்ல நகர்ந்தன. தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பதுபோல. டயரிலிருந்து நூலாகப் புகை வந்தது. கேனிலிருந்த குடிதண்ணீர் முழுவதையும் ஊற்றினோம். சீறியது. புகை நின்றுவிட்டதா, வெயிலில் கண்ணுக்குத் தெரியவில்லையா, சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் ரோட்டின் கோடியில் அது தெரிந்தது. கானலுக்குள்ளிருந்து ஒரு சக்கரம் உருண்டு வந்தது. தனியாக. டிரைவர் என் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தன.

கிட்டே வரவர, சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து தள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண் தெரிந்தார். நாற்பது வயதிருக்கும். லாரியின் முன்னால் நின்று மூச்சு வாங்கினார்.

"பின்னாடி எடப்பக்கந்தான?" பார்க்கும் முன்பே கேட்டார்.

"யக்கா, உங்களுக்கு எப்படி..." என்றார் டிரைவர்.

"கருவேலங்காட்டுக்கு அங்கிட்டுத்தான் வீடு. சத்தம் கேட்டுச்சு. பட்டாசுச் சத்தம் வேற, டயர் சத்தம் வேற. அவுகளுக்கும் எடப்பக்கந்தான் போச்சு." எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "ஜாக்கியாச்சும் இருக்கா, இல்ல அதையும் எறக்கிப் போட்டுட்டு வந்துட்டீகளா?"

ஜாக்கி டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்தது. சூடு ஆறும்வரை காத்திருந்து சக்கரத்தை மாற்றினோம். அந்த அம்மா கொண்டுவந்தது அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. பழைய சக்கரம்தான். ஆனால் காற்று விறைப்பாக இருந்தது, ரிம்மில் துரு இல்லை. எண்ணெய் தடவித் துடைத்திருந்த இடத்தில் பழைய குங்குமப் பொட்டு ஒன்று மங்கிக் கிடந்தது.

"எங்க வீட்டுக்காரரு வண்டி வீலு" என்றார். "பட்டாசோட இரும்பு போகக் கூடாதுன்னு வாசல்ல எறக்கிப் போட்டுட்டு லோடுக்குப் போனாக. டயர் போனதும் மிச்ச ஒத்த டயருலயே ஓட்டியிருக்காக. உரசி உரசி, இங்கன வந்து தீப்பிடிச்சிருச்சு." கறுத்த தாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மாசம் ஒருக்க பஞ்சர் கடைக்கு உருட்டிட்டுப் போயி காத்தடிச்சு வச்சுக்குவேன்."

"எதுக்குக்கா?" என்றார் டிரைவர்.

"அவுக கூப்பிட்டாக்க கொண்டு போயி குடுக்கணும்ல."

டிரைவர் கடைசி நட்டை மறுபடி ஒருமுறை இறுக்கினார்.

அந்த வாரமே எங்கள் லாரிகளில் ஸ்டெப்னியைப் பாடிக்கு வெளியே, வண்டிக்கு அடியில் தொங்கவிட ஏற்பாடு செய்தோம். இத்தனை எளிதான வழி அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. ஸ்டெப்னி தேவையா, வீண் சுமையா என்று டீக்கடையில் டிரைவர்கள் இன்றும் வாதாடுவதுண்டு. நான் அதில் கலந்துகொள்வதில்லை. எந்த லாரி நின்றாலும் குனிந்து அதன் வயிற்றைப் பார்ப்பேன். அங்கே ஒரு சக்கரம் தொங்கினால், எங்கோ ஒருத்திக்கு இன்று இந்த வெயிலில் உருட்டிக்கொண்டு வரும் வேலை இல்லை என்று நெஞ்சு ஆறும்.

அன்று அங்கிருந்து புறப்படும்போது, சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்து தருகிறோம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். கறுத்த உள்ளங்கைகளைச் சேலையில் துடைத்தபடி தலையை ஆட்டினார்.

"வேணாம்ணே. வீட்டுல கெடந்தது போதும். வண்டியோட போகட்டும்."