இரண்டு புள்ளி எட்டும் ஒன்று புள்ளி எட்டும்

சிதம்பரத்தில் எங்கள் வீடியோ எடிட்டிங் கடையிலிருந்த இரண்டு கம்ப்யூட்டர்களின் நெற்றியிலும் மச்சான் மார்க்கரால் அதனதன் வேகத்தைக் கிகாஹெர்ட்ஸ் கணக்கில் எழுதி வைத்திருந்தான். ஒன்றில் 2.8, இன்னொன்றில் 1.8. முன்னது அவன் ஆசைப்பட்டு வாங்கிய பென்டியம் டி, பின்னது நான் அடம்பிடித்து வாங்கிய கோர் டூ டுயோ. மச்சான் என் மனைவியின் அண்ணன், பள்ளியில் ஒரே பெஞ்சு, கடையில் பாதிப் பங்கு. வாயில் மட்டும் முழுப் பங்கு. "எவனாச்சும் தேடிப் போயி ஸ்பீடு கம்மியானத வாங்குவானா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் என் மெஷினைக் காட்டிச் சிரிப்பான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டுக்குள்ளும் இரட்டை மூளைதான், கேஷ் மெமரியும் இரண்டு எம்பிதான். கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை நடை என்ற கணக்கு; நடைக்கு எவ்வளவு சுமக்கும் என்று அது சொல்லாது. தேவனாம்பட்டினத்தில் மீன் இறக்கும்போது பார்க்க வேண்டும், சின்னக் கூடையோடு ஓடுகிறவனைவிடப் பெரிய கூடையோடு நடக்கிறவன் கரை சேர்ப்பதுதான் ஜாஸ்தி. அதோடு அவனுடையது தொண்ணூற்றைந்து வாட் கரண்ட் இழுக்கும், என்னுடையது அறுபத்தைந்துதான். "வாட்ட வச்சிக்கினு வடையா சுடப் போற?" என்பான்.

பவர்கட் உச்சத்தில் இருந்த காலம் அது. முதுநகரிலிருந்து ஒரு கல்யாண மாப்பிள்ளை காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டான். தாலி கட்டிய அன்று அவன் அம்மா புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். மறுநாள் விடிந்தால் நெஞ்சில் ஆபரேஷன். "உள்ள போறதுக்கு முன்னாடி கல்யாணத்த ஒருவாட்டி பாத்துடணும்னு அம்மா சொல்றாங்கண்ணா. நாலு மணி பஸ்ஸ உட்டா வார்டுல உள்ள உடமாட்டாங்க." வெட்டி ஒட்டி வைத்திருந்த துண்டுகளை ஒரே படமாகக் கோத்து எடுக்க மச்சான் உடனே தன் மெஷினை ஓட்டினான். எதற்கும் இருக்கட்டும் என்று அதே படத்தை நானும் காப்பி எடுத்து, அரை மணி பிந்தி என்னுடையதில் ஓட்டினேன்.

சரியாக இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். அன்றைக்கு ஒன்றாம் தேதி. மாதம் பிறந்தால் பவர்கட் நேரம் மாறும் என்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது. இருப்பதோ ஒரே யுபிஎஸ். இரண்டு மெஷினையும் அது தாங்காது, ஒன்றை உடனே அணைத்தாக வேண்டும். அவனுடையதில் மிச்சம் கொஞ்சம்தான், ஆனால் மெதுவாக ஓடும், பாட்டரியைக் குடிக்கும். என்னுடையதில் மிச்சம் சற்று அதிகம், ஆனால் வேகம், தீனியும் கம்மி. எது முந்தும்? சத்தியமாக எனக்கும் தெரியாது. யுபிஎஸ் கீச்சிட்டது. மாப்பிள்ளை எழுந்து நின்று எங்கள் முகத்தையே பார்த்தான்.

"உன் அறுபத்தஞ்ச நம்பறன்டா," என்று மச்சான் தன் 2.8-ஐ அணைத்தான்.

பாட்டரியை மிச்சம் பிடிக்க மானிட்டரையும் அணைத்தோம். படம் நகர்கிறதா நின்றதா என்று சொல்ல ஹார்ட் டிஸ்க்கின் சிவப்பு விளக்கு மட்டும்தான். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கீச்சலுக்கும் கீச்சலுக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. மானிட்டரைப் போட்டுப் பார்த்தபோது படம் முடிந்திருந்தது. டிவிடியில் எழுதி முடித்துத் தட்டை வெளியே இழுத்தேன், யுபிஎஸ் செத்தது. மாப்பிள்ளை டிவிடியை வாங்கிக்கொண்டு நன்றிகூடச் சொல்லாமல் ஓடினான்.

ராத்திரி அவன் போனிலிருந்து அந்த அம்மாவே பேசினார். "எல்லாம் நல்லா இருக்குதுப்பா. என் புள்ள சிரிச்சத மட்டும் காணோமே, வெட்டிட்டீங்களா?"

அந்த டேப் முழுக்க அவன் ஓரிடத்திலும் சிரிக்கவில்லை. அம்மா இல்லாத மேடையில் எப்படிச் சிரிப்பான்? மச்சான் போனை வாங்கினான். "ஆமாம்மா, அவசரத்துல வுட்டுப் போச்சு. நீங்க நல்லாயி கடைக்கு வாங்க, சேத்துத் தரோம்."

இரண்டு மாதம் கழித்து மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தே விட்டார். மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்து, "எங்கப்பா அந்தச் சிரிப்பு?" என்றார்.

மச்சான் கேமராவை எடுத்து மகன் பக்கம் திருப்பினான்.