மிராசுதார் வேஷம்

ஒத்திகைக்கு இருந்தவர்கள்: தமிழ் ஐயா. மிராசுதார் மகள். மளிகைக்கடைக்காரர் மகள். நான். எட்டாம் வகுப்பில் எங்கள் தெருவிலிருந்து நான் ஒருத்திதான்.

ஆண்டு விழாவுக்கு நாடகம். பண்ணையாள் கூலி கேட்கிறான், கடைசியில் மிராசுதார் திருந்துகிறார். அப்போது எல்லா மேடையிலும் அப்படித்தான் பேசினார்கள். ஆட்சி வந்ததே அந்தப் பேச்சில்தான்.

ஐயா வேஷத்தை மாற்றிக் கொடுத்தார். மிராசுதார் மகளுக்குப் பண்ணையாள் வேஷம். பண்ணையாள் மகளான எனக்கு மிராசுதார்.

முதல் நாள் அவள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னை "ஆண்டே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பு கூசியது.

"என்னடி, மிராசுதாரு இப்படியா நெளிவாரு? நிமிந்து நில்லு," என்றாள் அவளே.

வசனம் நாங்களே எழுத வேண்டும். அவள் கையெழுத்து அழகு, நோட்டு அவளிடம். அவள் அப்பா எப்படித் தொண்டையைச் செருமுவார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பதிலுக்கு எங்கள் தெருப் பேச்சைக் கேட்டாள்.

"கூலி ஒசத்தலன்னா என்ன பண்ணுவீங்க? நெசமா சொல்லு. அப்பதான் வசனம் நல்லா வரும்."

அது அறுப்பு நேரம். கூலிச் சண்டையில் எங்கள் ஆட்கள் வயலில் இறங்கவில்லை. அவள் அப்பா வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவரப் போவதாகப் பேச்சு. லாரியை மறிப்பது என்று எங்கள் தெருவில் முடிவாகியிருந்தது. எந்த மதகில், எத்தனை மணிக்கு, யார் யார் முன்னால் நிற்பது, எல்லாம் அப்பா சொல்லக் கேட்டிருந்தேன். வெளியில் மூச்சு விடக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

நாடகத்துக்குத்தானே என்று சொல்லிவிட்டேன். அப்பா குரலிலேயே பேசிக் காட்டினேன். ஐயா கை தட்டினார். அவள் ஒரு வரி விடாமல் எழுதினாள்.

மறுநாள் விடியலில் எங்கள் ஆட்கள் போவதற்கு முன்பே மதகில் போலீஸ் நின்றது. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பிடித்தார்கள். முதல் பேர் அப்பா.

பள்ளிக்கூட வாசலில் அவளைக் கேட்டேன்.

"நோட்ட உங்கப்பாகிட்ட குடுத்தியா?"

"குடுக்கல. படிச்சிக் காட்டச் சொன்னாரு, படிச்சேன்."

"பேரையுமா?"

"வசனத்துல இருந்துச்சு, படிச்சேன். நீதானடி சொன்ன?"

ஐயாவிடம் போனேன். ஐயாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, "ஒத்திகைக்கு வர்றியா, இல்லியா? அத மட்டும் சொல்லு," என்றார்.

போகவில்லை. என் வேஷம் மளிகைக்கடைக்காரர் மகளுக்குப் போனது. விழாவுக்கு வந்த ஆளுங்கட்சிக்காரர், உழைப்பவன் குரலை அப்படியே கேட்டேன் என்று பாராட்டிப் பேசினாராம். என் படிப்பு அதோடு நின்றது.

காட்டிக்கொடுத்தது யார் என்று தெருவில் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். அம்மா பக்கத்து வீட்டோடு பேச்சை நிறுத்தினாள். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை, அவர் சாகிற வரைக்கும்.

அன்றைக்குப் போலீஸ் வேனில் ஏற்றியது, நாடகத்துக்கு நான் பேர் சொன்ன பதினாலு பேரை.