இனிக்காத ஐஸ்கிரீமும் நெய்வேலி ஷிப்ட் பஸ்ஸும்

மீன் வறுவலும் ஐஸ்கிரீமும் சாப்பிட யாராவது இருநூறு கிலோமீட்டர் போவார்களா? 2016 மே மாதம் நான் போனேன். காரணம் மலர்விழி. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி, குறிஞ்சிப்பாடிக்காரி, இப்போது நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸ் வாசம். அவள் குடியிருக்கும் ப்ளாக்கில் வருடா வருடம் சமையல் போட்டி நடக்கும். அந்த வருடம் புது விதி: யாரும் செய்யாத மாதிரி ஒரு மீன் பதார்த்தம், இனிப்பே இல்லாத ஒரு ஐஸ்கிரீம், இரண்டும் தனித்தனித் தட்டில்.

"ரெண்டு வருஷமா என் மீன் கொழம்ப ஒரு ஸ்பூன் தொட்டுட்டு, 'இது வூட்டுச் சாப்பாடும்மா, போட்டிச் சாப்பாடு இல்ல'ன்னு சொல்லிகினு இருக்காரு அந்த ஜட்ஜு. இந்த வாட்டி ரெண்டாவது ஸ்பூன் கேக்க வெக்கறேன் பாருடி" என்றாள் போனில். பரிசைப் பற்றி அவள் பேசவே இல்லை.

கோயம்பேட்டில் காலை ஐந்தரைக்குக் கும்பகோணம் பஸ். டிக்கெட் நூற்றைம்பது சொச்சம். பண்ருட்டியில் பஸ்ஸுக்குள்ளேயே பலாப்பழ வாசனை ஏறிக்கொண்டது. பத்தே முக்காலுக்கு நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கினேன். அங்கிருந்து போட்டி நடக்கும் மன்றத்துக்கு ஆட்டோவில் எழுபது ரூபாய்.

"ஐஸ்கிரீம்ல காரம் போடறாங்களாமே? அப்ப கொழம்புல சக்கர போடுவாங்களான்னு எங்க வூட்ல கேக்கறாங்க" என்றார் ஓட்டுநர். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் சென்னையிலிருந்து வந்த கெத்தைக் காப்பாற்ற வேண்டுமே, அதனால் சிரித்து வைத்தேன்.

மன்றத்துக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு மேசைகள். எல்லா மாவட்டத்து ஆட்களும் வந்து குடியேறிய ஊர் என்பது மேசைக்கு மேசை தெரிந்தது. முந்திரிப்பழச் சாற்றின் துவர்ப்பில் வேகவைத்த மத்தி, பலா இலையில் மடித்து அவித்த சுறாப்புட்டு, கறிவேப்பிலை ஐஸ்கிரீம், ரச ஐஸ்கிரீம். கடைசியாகச் சொன்னதை நம்பாமல்தான் வாயில் வைத்தேன். நாக்கு சில்லிட்டு, தொண்டையில் மிளகு சுட்டது. வெட்கமில்லாமல் இன்னொரு ஸ்பூன் கேட்டேன்.

மலர் கடலூரிலிருந்து கிழங்கான் மீன் வாங்கி வந்திருந்தாள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் நாட்டுப்படகில் பிடித்தது. பலாக்கொட்டை மாவில் புரட்டிப் பொரிப்பதாகத் திட்டம். ஐஸ்கிரீம் முந்திரிப் பாலில். சுட்ட மாங்காய், பூண்டு, பச்சை மிளகாய் சேர்த்தது. தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸும் கல்லுப்பும் போட்டு அதைப் புதைத்து வைத்திருந்தாள்.

நடுவர் சுரங்கத்தில் முதல் ஷிப்ட். இரண்டு மணிக்கு ஷிப்ட் விட்டு, பஸ் வந்த பிறகுதான் எதுவும் தொடங்கும். இந்த ஊரில் கல்யாணப் பந்தி கூட அப்படித்தானாம். இரண்டரைக்கு வாசலில் பஸ் சத்தம் கேட்டதும் எல்லாரும் பெட்டியைத் திறந்து ஐஸ்கிரீமைத் தட்டில் வைத்துவிட்டார்கள். வந்ததோ இன்னொரு சுரங்கத்து பஸ். மே மாத வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்? மற்றவர்கள் அள்ளி உள்ளே திணித்துக் காப்பாற்றினார்கள். எண்ணெய்ச் சட்டியில் மீனோடு நின்ற மலர் திரும்பிப் பார்த்தபோது அவளுடையது மோராக ஓடிக்கொண்டிருந்தது.

"போச்சுடி" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அதற்குள் சரியான பஸ் வந்துவிட்டது. நடுவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். மலர் ஒரு நொடி யோசித்தாள். கொதிக்கக் கொதிக்க எடுத்த மீன் மேல், உருகியும் உருகாமலும் கிடந்த அந்தக் குளிர்ந்த பாலை அப்படியே ஊற்றினாள். தனித்தட்டு விதி போயிற்று. இனிப் பரிசு கிடையாது என்று அவளுக்கும் தெரியும்.

நடுவர் ஒரு ஸ்பூன் எடுத்தார். அடுத்த மேசைக்குப் போகவில்லை. இன்னொரு ஸ்பூன். பிறகு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கையால் முள்ளைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"கொஞ்சம் சோறு இருக்குமா?"

கூடமே திரும்பிப் பார்த்தது.

"சோறு போட்டா வூட்டுச் சாப்பாடு ஆயிடும் சார். பரவால்லீங்களா?" என்றாள் மலர்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் தட்டை மட்டும் நீட்டியபடியே நின்றார். மலர் தன் டிபன் கேரியரைத் திறந்தாள். எனக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது.

பரிசு ரச ஐஸ்கிரீமுக்குப் போனது. நியாயம்தான். தெரிந்தவர் வீடு இருந்தால் மே மாதத்தில் நெய்வேலிக்குப் போங்கள். பலாவும் முந்திரிப்பழமும் கிடைக்கும், வெயிலும் கிடைக்கும். ப்ளாக் நம்பரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், எல்லா ப்ளாக்கும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சென்னைக்குக் கடைசி பஸ்ஸை நம்பாமல் ஐந்து மணிக்கே ஆர்ச் கேட்டுக்கு வந்துவிடுவது நல்லது.

மலரின் அந்த மாங்காய் ஐஸ்கிரீமை இப்போது நானும் செய்கிறேன். சரியாக உறைகிறது, விருந்தாளிகள் வாய் பிளக்கிறார்கள். யாரும் இல்லாத நாளில் மட்டும் அதை உருகவிட்டு, சுடச்சுட மீனோடு சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறேன்.