இலக்கம் நாற்பத்தொன்றின் திறப்பு

லண்டனில் இருக்கும் என் தம்பி ஒரு கார் வாங்கியிருந்தான். ஏதோ பெரிய ஓட்டப் போட்டியில் வென்ற காரின் நினைவாக, அதே நிறத்தில் நூறு கார் மட்டும் செய்து, இலக்கம் போட்டு விற்றார்களாம். அவனுடையது நாற்பத்தொன்று. இருபது வருடம் இரண்டு வேலை செய்தவன் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய முதல் சாமான் அதுதான். காரை இங்கே கொண்டுவர முடியாதென்று, ஊருக்கு வந்த அயலவரிடம் அதன் திறப்பை, பொத்தான் வைத்த சாவியை, கொடுத்துவிட்டான். நான் அதை நயினாதீவு அம்மனின் காலடியில் வைத்து அர்ச்சனை செய்து, அவர் திரும்பும்போது கொடுத்தனுப்ப வேண்டும்.

கரம்பொனில் பஸ் ஏறி, குறிகட்டுவானில் படகேறிப் போனேன். திறப்பைக் கைப்பையில் வைக்கப் பயம். கைலேஞ்சித் துணியில் சுற்றிக் கையிலேயே பிடித்துக்கொண்டேன். ஐயர் அதை அம்மனிடம் வைத்தெடுத்து, ஒரு பூவோடு தந்தார். தம்பி போகிற வழியில் ஒன்றும் நடக்காமல் பத்திரமாய்த் திரும்பி வரவேண்டும் என்று கும்பிட்டேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் தண்ணீர்ப் பம்பிக்கும் தையல் இயந்திரத்துக்கும்கூடச் சந்தனம் வைத்துத்தான் வேலை தொடங்குவோம். வெறும் பூவோடு அனுப்ப எனக்கு மனம் கேட்கவில்லை. பன்னீரில் தாராளமாகச் சந்தனம் குழைத்துத் திறப்பில் பூசினேன். மறுநாள் துடைத்துவிட்டு அழுத்திப் பார்த்தால், முன்பு மினுங்கிய சிவப்பு வெளிச்சம் வரவில்லை. ஈரம் வற்றட்டும் என்று இரண்டு நாள் அரிசிக்குள் புதைத்து வைத்தும் சரிவரவில்லை. இந்த வயதிலும் எனக்குக் கை சும்மா இருக்காது.

வேறு வழியில்லாமல் அவனுக்கு போன் எடுத்தேன்.

“தம்பி, திறப்பை நான் பழுதாக்கிப் போட்டன்.”

அவன் கோபக்காரன். ஏச்சு வாங்கத் தயாராக இருந்தேன்.

“பரவாயில்லை அக்கா. இன்னொண்டு இருக்கு. அதையும் நான் எடுக்கிறேல்லை.”

“ஏன்?”

“ஓடினா விலை குறைஞ்சிடும். ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு. மூடித்தான் விட்டிருக்கிறன். பின்னேரத்திலை போய்க் கொஞ்ச நேரம் உள்ளுக்கை இருப்பன்.”

இப்போது எனக்குத்தான் கோபம் வந்தது. ஓடி வென்றதற்காகச் செய்த காரைப் போர்வையால் மூடி வைத்திருக்கிறான்.

“போற வழியிலை ஒண்டும் நடக்கக் கூடாதெண்டு அம்மனைக் கும்பிட்டனான். நீ எங்கையும் போறேல்லை எண்டா நான் என்னத்துக்குக் கடல் கடந்து போனனான்?”

அவன் போனை வைத்துவிட்டான். கூடக் கதைத்துவிட்டேனோ என்று அந்தக் கிழமை முழுக்க எனக்குக் கவலை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடியோ வந்தது. அவன் மனைவி எடுத்தது. கார் உருள, கண்ணூறு கழிக்க நாலு சில்லுகளுக்கும் அடியில் வைத்த தேசிக்காய் நசிகிறது. பிறகு மழை பெய்யும் தெருவில் கார் போய், திரும்பி வந்து நிற்கிறது, கதவெல்லாம் சேறு. இறங்கி வந்தவன் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினான்.

“அக்கா, கீறல் விழுந்திட்டுது.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். இந்த இருபது வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.