நாலு கோலுக்கு மேல் வேண்டாம்

தீபாவளி அன்றும் அணையக் கூடாத அடுப்பு ஒன்று எங்கள் கம்பெனியில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார்களுக்கு அலுமினியப் பாகங்கள் வார்க்கிற கம்பெனி. உருக்கிய அலுமினியத்தை ஆறாமல் வைத்திருக்கும் அந்த உலையை ஒரு நாள் அணைத்தால், உள்ளே இருப்பதெல்லாம் ஒரே கட்டியாக உறைந்துவிடும். அதை உடைத்து எடுக்க ஒரு வாரம், அதற்காகத் திட்டு வாங்க ஒரு மாதம். அதனால் ஊரே பட்டாசு வெடிக்கும்போது ஏழு பேர் மட்டும் உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஏழு பேர் யார் என்ற சண்டை ஆயுத பூஜைப் பொரி தீர்வதற்கு முன்பே தொடங்கிவிடும்.

எங்கள் பிரிவில் ஏ பேட்ச், பி பேட்ச் என்று இரண்டு. ஒரு வருடம் சீட்டு குலுக்கினார்கள். குலுக்கியவர் மேல் சந்தேகம் வந்தது. இன்னொரு வருடம் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ள விட்டார்கள்; இவர் வருவார் என்று அவரும், அவர் வருவார் என்று இவரும் இருந்துவிட, உலை உறைந்தது. இந்த முறை மேனேஜருக்கு அலுத்துவிட்டது. பேட்டையில் ஞாயிறானால் எல்லோரும் அணிக்கு ஏழு பேராகச் செவன்ஸ் ஃபுட்பால் ஆடுவது அவருக்குத் தெரியும். கூப்பிட்டுச் சொன்னார்: "ஆடுங்கப்பா. தோத்த ஏழு பேர் தீபாவளிக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் வரணும். ஆள் மாத்துறது கிடையாது. லீவ் கிடையாது. வயித்து வலி கிடையாது."

நான் ஏ பேட்ச். டிப்ளமோ முடித்துவிட்டு ட்ரெய்னியாகச் சேர்ந்தவன். கூப்பிடும் பெயரும் அதுவே ஆகிவிட்டது. திருவள்ளூரில் படித்த காலத்தில் வகுப்பில் இருந்ததைவிட கிரவுண்டில் இருந்ததுதான் அதிகம். ஐரோப்பாவில் நடக்கிற மேட்சை ஃபோனில் பார்த்துவிட்டு, மறுநாள் கேன்டீனில் தட்டு, டம்ளர், ஊறுகாய் பாக்கெட் எல்லாவற்றையும் ஆட்டக்காரர்களாக நகர்த்தி விளக்கம் கொடுப்பேன். "டேய், அந்த சென்டர் ஃபார்வர்டை இப்டி குடு, தண்ணி குடிக்கணும்" என்று பாதியில் டம்ளரைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

எங்கள் கோல்கீப்பர் கோலிக்கு ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் பொதட்டூர்பேட்டை. வருவது தலை தீபாவளி. அங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கும் மாமனார் ஆட்டுக்குச் சொல்லிவிட்டார், மோதிரத்துக்குச் சொல்லிவிட்டார், தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். தோற்றால் எங்கள் ஆறு பேருக்கும் ஒரு பண்டிகை போகும், அவ்வளவுதான். இவருக்கு மாமனார் வீட்டில் தலை நிமிர முடியாது. மேட்சுக்கு முந்தைய வாரம் முழுவதும் தன் டிபன் பாக்ஸிலிருந்த முட்டையை எனக்கே வைத்தார்.

"சாப்டு ட்ரெய்னி. உன்னை நம்பித்தாம்பா கீறேன். நீ இன்னா பண்ணுவியோ தெரியாது, நான் பொதட்டூர்பேட்டை போவணும்."

முட்டை வீண்போகவில்லை. மூடிக் கிடக்கும் ஒரு கம்பெனிக்குப் பின்னால், வேலிகாத்தான் செடிகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் மைதானம். பழைய இரும்புக் குழாய்கள்தான் கோல் கம்பம். வலை கிடையாது. கோடுகளைச் சுண்ணாம்பில் போட்டிருந்தோம். முதல் பாதியில் நான் இரண்டு, கேப்டன் ஒன்று, எதிரணிக்காரர் ஒருவர் தன் முட்டியால் எங்களுக்கு அன்பளிப்பாக ஒன்று. நாலுக்குப் பூஜ்யம். கோலி அங்கேயே மனைவிக்கு ஃபோன் போட்டு, "மாமாவாண்ட சொல்லிடு, காலைல ஃபர்ஸ்ட் வண்டிக்கே வந்துர்றேன்" என்றார்.

இடைவேளையில் தண்ணீர் கேனைச் சுற்றி உட்கார்ந்தோம். கேப்டன் எங்கள் சீனியர் ஆபரேட்டர். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "டார்கெட் ஓவர். இனிமே மெஷினை ஸ்லோ பண்ணிடுங்க."

"எது ஓவர்? இன்னும் பாதி மேட்ச் கீதுண்ணா!" என்றேன்.

"நாலு அடிச்சாச்சு இல்ல? நாலுக்கு மேல வேணாம். இப்ப எட்டு அடிச்சேன்னு வையி, அடுத்த வருசம் மேனேஜர் இன்னா சொல்வாரு? 'ஏ பேட்ச்தான் எட்டு அடிப்பாங்களே, பி பேட்ச்சுக்கு முன்னாடியே நாலு குடுத்துட்டு ஆரம்பிங்க'ம்பாரு. அப்ப நீயா வந்து பதில் சொல்லுவ?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மெஷின்கள் ஓடும் எங்கள் ஷாப்பில் அதுதான் சட்டம். ஒரு ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் உண்டு. அதைத் தொட்டதும் எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்தில் தூக்கம் வந்துவிடும். ஒரு பீஸ் கூடுதலாகக் கொடுத்தால் அடுத்த மாதம் அதுவே டார்கெட் ஆகிவிடும். நான் சேர்ந்த புதிதில் இது தெரியாமல் உற்சாகமாக ஓட்டித் தள்ளியதற்கு, கேன்டீனில் கொஞ்ச நாள் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மெஷின் விஷயத்தில் அவர்கள் சொன்னது நியாயம் என்று பிறகு எனக்கும் புரிந்தது.

"ஆனா அண்ணா, நாம நிறுத்திட்டா மெஷின் சும்மா நிக்கும். அவங்க சும்மா நிப்பாங்களா?"

"ட்ரெய்னி, வாயாடாத," என்றார் கோலி, என் முட்டைகளின் உரிமையாளர். "அண்ணன் சொல்றதுதான் கரெக்டு. ரிஸ்க்கே வேணாம். ஏழு பேரும் என் முன்னாடி வந்து நில்லுங்க."

"நீயே ஏழாவது ஆளுதான்யா," என்றார் கேப்டன்.

இரண்டாம் பாதியில் நாங்கள் கோலுக்கு முன்னால் வரிசையாக நின்ற நிற்பைப் பார்த்தால், கம்பெனி பஸ் லேட் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கோ நிற்கத் தெரியாது. பந்து காலில் பட்டது, ஓடினேன். எதிரே ஒருவர்தான், அவரையும் தாண்டிவிட்டேன். கோல் என்னைப் பார்த்துக் கதவைத் திறந்து வைத்திருந்தது.

"திரும்பி வாடா!" என்று பின்னாலிருந்து கேப்டனின் குரல்.

நம்பமாட்டீர்கள், திரும்பினேன். அந்தக் குரல் ஷாப்பில் கேட்டால் கை தானாகச் சுவிட்சை அணைக்கும். எதிரிக் கோலிலிருந்து எங்கள் கோல் வரைக்கும் பந்தைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வந்து கேப்டனிடம் ஒப்படைத்தேன். பி பேட்ச் ஆட்கள் தடுக்கக்கூட மறந்து வழிவிட்டார்கள். அவர்களது கேப்டன் கம்பெனியில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். ஆளும் கிட்டத்தட்ட ஃபோர்க்லிஃப்ட்தான். "இன்னாபா, ரிட்டர்ன் லோடா?" என்று கேட்டார்.

எங்கள் கேப்டன் அந்தப் பந்தைக் கோலிக்கு மெதுவாக உருட்டினார். நடுவில் ஒரு கல். பந்து அதில் ஏறி, துள்ளி, கோலியின் கையைத் தாண்டிச் சாவகாசமாக உள்ளே போனது. நாலுக்கு ஒன்று.

"பரவால்ல, பரவால்ல," என்றார் கேப்டன். "கொஞ்சம் ரிஜெக்‌ஷன் எப்பவும் இருக்கும்."

அடுத்த முறை பந்தைப் பிடித்த கோலி, அதை வயிற்றுக்கடியில் வைத்துக் குப்புறப் படுத்துவிட்டார். எழவே இல்லை. ரெஃப்ரி வந்து குனிந்து பார்த்தார். அவர் எங்கள் கேட் செக்யூரிட்டி சூப்பர்வைசர். மூச்சு இருக்கிறது என்று தெரிந்ததும் விசில் ஊதி ஃப்ரீ கிக் கொடுத்தார். நாலுக்கு இரண்டு.

"நேரத்தை ஓட்டுங்கடா," என்றார் கேப்டன். அது சுலபம் என்று நினைத்தோம். பந்து கிடைத்த போதெல்லாம் வேலிகாத்தான் புதருக்குள் ஓங்கி அடித்தோம். முள்ளில் சட்டை கிழிய அவர்கள் எடுத்துவர வேண்டும், நாங்கள் இடுப்பில் கைவைத்து நிற்க வேண்டும். திட்டத்தில் ஒரே ஓட்டை ரெஃப்ரிதான். ஐந்து நிமிடம் லேட்டாக வந்தால் அரை நாள் ஆப்சென்ட் போடுகிறவர். டீக்கடைக்குப் போய் வந்தால்கூட கேட்டில் போன நேரம், வந்த நேரம் கேட்பவர். பந்து வெளியே போகும்போது கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே வரும்போதும் பார்த்தார். எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே வந்தார்.

"சார், டைம் முடிஞ்சிருக்குமே?" என்றேன்.

"பந்து எவ்ளோ நேரம் வெளிய சுத்திச்சோ, அதெல்லாம் நீங்க வேலை செஞ்சி குடுத்துட்டுதான் போவணும்."

அந்தக் கூடுதல் நேரத்தில் ஃபோர்க்லிஃப்ட்காரர் எங்கள் பஸ் வரிசைக்கு நடுவே புகுந்து, இரண்டு பேரைத் தோளால் ஓரம் தள்ளி மூன்றாவதைப் போட்டார். நாலாவது எப்படி விழுந்தது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒற்றுமை இல்லை. ஆளுக்கு ஒருவரைக் கைகாட்டுகிறோம்.

"கோலி!" என்று ஃபோர்க்லிஃப்ட்காரர் கத்தினார். "உன் மாமனார் ஆட்டை கட்டி போட்டுக்கீறாரா? அவுத்து வுட சொல்லு, பாவம், பொழச்சி போவட்டும்!"

இப்போதுதான் எங்கள் கேப்டனுக்கு விழிப்பு வந்தது. "அடிங்கடா! போங்கடா மேல!" என்று கத்தினார். ஓடத்தான் பார்த்தோம். ஆறிப்போன அலுமினியத்தை அச்சில் ஊற்றினால் எப்படி வரும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதி ஓரம் இருக்காது, நடுவில் ஓட்டை இருக்கும். எங்கள் ஆட்டம் அப்படித்தான் வந்தது. நான் கொடுத்த பாஸுக்கு ஆள் இல்லை, ஆள் இருந்த இடத்துக்குப் பாஸ் இல்லை.

கடைசிப் பந்து ஒன்றும் பெரிய ஷாட் இல்லை. தூரத்திலிருந்து ஃபோர்க்லிஃப்ட்காரர் உயரமாகத் தூக்கிப் போட்டார். பயத்தில் எங்கள் கோலி அந்தப் பாதி முழுக்க ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்திருக்கிறார், யாரும் கவனிக்கவில்லை. வலையும் இல்லாததால் முதுகில் ஒன்றும் தட்டவில்லை. பந்து வந்தது. இரண்டு கையாலும் அழகாகப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "புடிச்சிட்டேன்!" என்றார். நாங்களும் கத்தினோம்.

ரெஃப்ரி மட்டும் தரையைக் காட்டினார். சுண்ணாம்புக் கோடு கோலியின் காலுக்கு நல்ல இரண்டு அடி முன்னால் கிடந்தது. நாலுக்கு ஐந்து.

கோலிக்கு ஃபோன் போடவே கை வரவில்லை. ஃபோனை என்னிடம் நீட்டினார். "நீ படிச்சவன். கொஞ்சம் இங்கிலீஸ்ல கலந்து சொல்லு, பெரிய விசயம்னு நெனச்சிக்குவாரு." மாமனாரிடம் உலை, எமர்ஜென்சி, சேஃப்டி என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தோத்துட்டீங்களா தம்பி?" என்றார் அவர்.

தீபாவளி அன்று காலை ஏழு பேரும் உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மோகினியைப் பார்த்தவர் மாதிரி கோலி நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் இரண்டு தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் கேட்டிலிருந்து ஆள் வந்தது: "கோலிக்கு விசிட்டர்."

இரண்டு பேரை உலைக்குக் காவல் வைத்துவிட்டு ஓடினோம். வெளியே ஒரு வேன். பொதட்டூர்பேட்டையே வந்திறங்கியிருந்தது. மாமனார், மாமியார், புதுப்புடவையில் மனைவி, மூன்று தூக்கு வாளி, பட்டாசுப் பை, துணிக்கடைப் பை. மாப்பிள்ளை வரவில்லையென்றால் தெருவில் தலை காட்ட முடியாது என்று, தெருவையே விட்டுக் கிளம்பி வந்துவிட்டார்கள்.

செக்யூரிட்டி சூப்பர்வைசருக்கு அவர் சட்டம். அவர்கள் உள்ளே வரக் கூடாது, இவர் வெளியே போகக் கூடாது. கேட்டைப் பாதி திறந்து வைக்க மட்டும் சம்மதித்தார். அந்த இடைவெளியில் மாமியார் கையை நீட்டி மாப்பிள்ளை தலையில் எண்ணெய் வைத்தார். ஒரு வருடத்துக்குச் சேர்த்து வைத்த மாதிரி தாராளமாக. காதோரம் வழிந்து யூனிஃபார்ம் காலரில் இறங்கியது. மோதிரம் போட்டார்கள். எங்களுக்கும் இட்லியும் கறியும் வந்தது. கேட் கம்பி வழியாகவே கை நீட்டி வாங்கினோம்.

மாமனார் மெதுவாக ஆரம்பித்தார். "மாப்ள, முதல்ல நாலு கோல் அடிச்சி வெச்சிருந்தீங்களாமே?"

"ஆமா மாமா."

"அப்புறம் இன்னாத்துக்கு நின்னுட்டீங்க?"

கோலி கேப்டனைப் பார்த்தார். கேப்டன் இட்லியைப் பார்த்தார்.

"ரிஸ்க் வேணாம்னுதான் மாமா."

"நாங்க எடுத்தோமே மாப்ள ரிஸ்க்கு. பொண்ணு குடுத்துக்கீறோம் இல்ல?"

அதுவரை முகத்தைத் தூக்கி வைத்திருந்த பெண் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துவிட்டார். கோலிக்கு அது போதுமாயிருந்தது. அசடு வழிய நின்றார், எண்ணெயும் வழிய.

"ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியும்," என்றார் மனைவியிடம். "நீங்க போய்க்கினே இருங்க, நான் பஸ்ஸு புடிச்சி வந்துர்றேன்."

"ஒண்ணும் வேணாம். உன்னை நம்பி போவ முடியாது," என்றார் அவர். "இங்கியே இருக்கோம்."

லாரிகள் நிற்கும் இடத்தில் பாயை விரித்தார்கள். பட்டாசுப் பையைப் பார்த்ததும் சூப்பர்வைசர் பதறி, கம்பெனி சுவர்ப் பக்கமே கூடாது என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெகு தூரம் அனுப்பிவிட்டார். நாங்கள் உலைக்குத் திரும்பினோம். எண்ணெய்த் தலையில் ஹெல்மெட் நிற்காமல் கோலிக்கு மூக்கு வரை சறுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே வேலை செய்தார்.

கொஞ்ச நேரத்தில் உலையின் இரைச்சலையும் மீறித் தூரத்தில் ஒரு சரம் வெடிக்கத் தொடங்கியது. நீளமான சரம். பேட்டை முழுக்க ஆங்காங்கே வெடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கோலி மட்டும் கையை உயர்த்தி எங்கள் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார்.

"அது எங்களுதுபா," என்றார். "எங்க மாமனாருது."