ராத்தங்காத அம்மா

எங்கள் பேருந்து நிலையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மைக் அக்காவின் குரல் தெரியும், முகம் தெரியாது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் ஆரம்பித்தால், சண்டை போட்டுக்கொண்டிருக்கும் புருஷன் பெண்டாட்டிகூட ஒரு நொடி நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார்கள். அவ்வளவு பதமான குரல். மாடியில் கண்ணாடி போட்ட சின்ன அறை, அதில் ஒரு மேசை, ஒரு மைக், ஒரு மின்விசிறி, அக்கா. கீழே விசாரணை ஜன்னலில் நான். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கும் என்று அக்கா மைக்கில் சொல்லி முடித்த மறுநொடி, அதையே என்னிடம் வந்து கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி என் வாயில் கனிவு எப்போதோ தீர்ந்துவிட்டது. அக்காவுக்குத் தீரவில்லை. அதனால்தான் அவர் மாடியில், நான் கீழே.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் தூங்கினால் குறட்டை விடுவார் என்பது எனக்குப் பல வருஷம் தெரியாது. லேசான குறட்டை இல்லை. அவருடைய கணவர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். கல்யாணமான புதிதில், "ரோட்டுல விட்டுட்டு வந்த வண்டி வீட்டுக்குள்ள ஓடுதே" என்று கேலி செய்திருக்கிறார். அவருக்கு அது வெறும் கேலி. அக்காவுக்கு அன்றிலிருந்து அது அவமானம். ஆண் குறட்டை விட்டால் 'பாவம், உழைத்த களைப்பு' என்பார்கள். பெண் விட்டால் அசிங்கம். இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ, அவர்கள் என் ஜன்னலுக்கு ஒருநாள் வரவேண்டும், நல்ல வார்த்தை நாலு வைத்திருக்கிறேன்.

மகள் பள்ளியில் படிக்கும்போது ஒரு சுற்றுலாவுக்குத் துணையாகப் போன அம்மாக்களில் அக்காவும் ஒருவர். எல்லாரும் ஒரே கூடத்தில் படுத்தார்கள். காலையில் பல் தேய்க்கிற இடத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "ராத்திரி பூரா மிக்சி ஓடிச்சே, கேட்டியா?" என்று சொல்லிச் சிரித்தாள். அக்கா வாயில் நுரையோடு நின்றார். கொப்பளிக்கக்கூடத் தோன்றவில்லை. இனி வெளியிடத்தில் கண்ணை மூடுவதில்லை என்று அந்தக் குழாயடியில்தான் முடிவு செய்தார். மகள் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி உறவுக்காரப் பெண்களெல்லாம் ஒரே அறையில் காலை நீட்டியபோது, "சாமான் எல்லாம் வெளிய கெடக்கு, நான் பாத்துக்கறேன்" என்று வாசலில் நாற்காலி போட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். பெண்ணைப் பெற்றவளுக்கு என்ன பொறுப்பு என்று சம்பந்தியம்மா எல்லாரிடமும் சொல்லிப் பாராட்டினாராம்.

மகள் வாழப் போன ஊர் நாலு மணி நேரப் பயணம். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், அவ்வளவுதான் வீடு. மகள், மருமகன், சம்பந்தியம்மா மூன்று பேர். மகள் உண்டானதும், "அம்மா, கடைசி மாசம் வந்து எங்கூட இரும்மா" என்றாள். போனால் கூடத்தில் சம்பந்தியம்மா பக்கத்தில்தான் படுக்க வேண்டும். நினைத்ததுமே அக்காவுக்கு வியர்த்துவிட்டது.

"லீவு கிடைக்கலடா. மேனேஜர் முசுடு" என்றார்.

எங்கள் நிலைய மேலாளர் அப்படிப்பட்டவரே இல்லை. லீவு கேட்டு வருகிறவரிடம், "போதுமா, இன்னும் ரெண்டு நாள் சேத்துப் போடட்டுமா?" என்று கேட்கிற அப்பாவி. அவர் தலையில் போய் இந்தப் பழி விழுந்தது.

பிரசவம் ஆனது. அக்கா முதல் வண்டியில் போனார், பேத்தியைத் தூக்கிப் பார்த்தார், துணியெல்லாம் துவைத்துப் போட்டார், கடைசி வண்டியில் திரும்பிவிட்டார். அதன்பிறகு வார விடுமுறைதோறும் இதேதான். சாயங்காலம் ஆனால் பையை எடுத்துக்கொள்வார். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஒரே ஒரு ராத்திரி இரேம்மா" என்பாள். "காலையில டியூட்டிடா." நாலைந்து தடவைக்குப் பிறகு மகள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஃபோனிலும் பேச்சு குறைந்தது. நல்லா இருக்கியா, இருக்கேன், சரி வைக்கிறேன்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நானும் ஒரு பெண்ணைப் பெற்றவள்தானே. "ஏன்க்கா, லீவு உங்க கணக்குல மலை மாதிரி கெடக்கு. பச்சை உடம்புக்காரியத் தனியா விட்டுட்டு இங்க யாருக்கு வண்டி சொல்லிட்டு இருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "உனக்குத் தெரியாதுடி" என்று படியேறிப் போய்விட்டார். குரல்தான் தேன், நெஞ்சு கல் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்தக் கல் வீட்டில் என்ன பாடு பட்டது என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. ஒருக்களித்துப் படுத்தால் நிற்கும் என்றார்கள், படுத்தார். தூக்கத்தில் மல்லாந்துவிடுகிறோமே என்று பழைய சட்டையின் முதுகில் ஒரு பை தைத்து, அதில் பந்தைப் போட்டுக்கொண்டு படுத்தார். முதுகு கன்றியதுதான் மிச்சம். கட்டிலின் தலைமாட்டுக்குச் செங்கல் வைத்தார், பாதி ராத்திரியில் கணவரும் அவரும் கால்மாட்டுக்குச் சறுக்கி வந்து கிடந்தார்கள். மருந்துக் கடையில் மூக்குக்குக் கிளிப் வாங்கினார். உதட்டின் குறுக்கே காயத்துக்கு ஒட்டுகிற டேப்பை ஒட்டிக்கொண்டார். "என்னம்மா இது, பார்சல் கட்டின மாதிரி" என்றார் கணவர். சிரிக்கவில்லை. அவருக்கும் வயதாகிவிட்டது, கேலியெல்லாம் பழங்கதை.

தினமும் காலையில் அக்கா கேட்பது ஒரே கேள்வி. "நேத்து எப்படி?" அவரும், "கொஞ்சம் கம்மிதான்" என்று ஒப்புக்குச் சொல்லி வைப்பார். ஒருநாள் மட்டும் முகம் மாறிச் சொன்னார்.

"நடுவுல நடுவுல சத்தமே இல்ல. அப்புறம் திடீர்னு முட்டிக்கிட்டு வருது. மூச்சு இருக்கான்னு மூக்குல கை வச்சுப் பாத்தேன்."

"அப்ப நிக்க ஆரம்பிச்சிருச்சு" என்றார் அக்கா. அன்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்குக்கூட ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். எதற்கென்று அப்போது தெரியாமலே குடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மகள் ஃபோன் செய்தாள். "அடுத்த மாசம் நான் வேலைக்குத் திரும்பணும். பாப்பா பழகற வரைக்கும் ஒரு மாசம் வந்து இரு. அத்தைக்கு முட்டி வலி, தனியா முடியாது. இந்தத் தடவையும் முடியாதுன்னா சொல்லிரு, இனிமே உன்னை எதுக்கும் கூப்பிட மாட்டேன்."

மகள் அப்படிப் பேசியதே இல்லை. போகாவிட்டால் மகள் போய்விடுவாள், போனால் மானம் போய்விடும். அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். உட்கார்ந்து தூங்கினால் குறட்டை வராது என்று யாரோ சொன்னார்கள். அங்கே போய், 'எனக்கு இடுப்பு வலி, படுக்க முடியாது' என்று சொல்லி நாற்காலியிலேயே தூங்கிவிடலாம். அதற்கு இங்கேயே ஒத்திகை ஆரம்பித்தார். ராத்திரி பூராவும் நாற்காலி. கழுத்து விழும், திடுக்கிட்டு நிமிர்வார், மறுபடி விழும். இதற்குப் பெயர் தூக்கம் என்றால் என் ஜன்னலில் நான் செய்வதற்குப் பெயர் தியானம்.

மைக்கில் ஒரு பித்தான் உண்டு. அழுத்திக்கொண்டே பேச வேண்டும், விரலை எடுத்தால் அணைந்துவிடும். வருஷக்கணக்கில் அழுத்தி அக்காவின் கட்டைவிரல் வீங்கிப்போனதால், பேசும்போது அந்த இடுக்கில் ஒரு கொண்டை ஊசியைச் செருகி வைப்பார். பேசி முடித்ததும் உருவித் தலையில் குத்திக்கொள்வார். ஒருநாளும் அது தவறியதில்லை.

அன்று மத்தியானம், நிலையம் நிரம்பி வழிகிற நேரம். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. துறைமுகம் செல்லும் வண்டி மூன்றாவது மேடையில்" என்று குரல் வந்தது. நின்றது. சரி, இருமுகிறார் போல என்று நினைத்தேன். அப்புறம் எல்லா ஒலிபெருக்கியிலும் ஒன்றாக ஆரம்பித்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. மெஷின் கோளாறு என்று காதைப் பொத்தினார்கள். ஒரு குழந்தை பயந்து அழுதது. பிறகு ஒரு டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு, "அட, யாரோ தூங்குறாங்கப்பா" என்றான். அவ்வளவுதான், நிலையமே சிரித்தது. கழிப்பறை வரிசையில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். நாலைந்து பேர் ஃபோனை மேலே தூக்கிப் பிடித்தார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு மாடிக்கு ஓடினேன். அறை உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. கதவை இடித்து, "அக்கா, எந்திரிங்க. குறட்டை ஊரெல்லாம் கேக்குது" என்று கத்தினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதுவும் மைக்கில் போனது. கீழேயிருந்து இன்னொரு அலை சிரிப்பு வந்தது.

கதவைத் திறந்த அக்காவின் முகத்தை நான் மறக்க மாட்டேன். ஊசியை உருவ வேண்டும் என்றுகூடத் தெரியாமல் நின்றார். நான்தான் உருவினேன். அக்கா தரையில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியாதபடி மேசைக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டார். நிமிஷத்துக்கு ஒரு வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் எல்லாரும் ஏறிப் போகிறவரைக்கும் கீழே வர மாட்டேன் என்றார். நான் வண்டிகளை அறிவித்தேன். அன்று யாரும் சரியான வண்டியில் ஏறியிருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார். திட்டவில்லை. "உடம்பு முடியலன்னா லீவு போட வேண்டியதுதானேம்மா, நான் எப்ப வேணாம்னு சொன்னேன்?" என்றார். அதுதான் அக்காவை இன்னும் கொன்றது.

சாயங்காலம் அக்காவின் ஃபோன் அடித்தது. மகள். அவசரத்தில் அக்கா எதையோ அழுத்த, ஸ்பீக்கர் ஆனாகிவிட்டது. அன்றைக்கு அவருக்கு எல்லாமே அப்படித்தான்.

"அம்மா, எங்க ஆபீஸ் குரூப்ல ஒரு வீடியோ சுத்துது. பஸ் ஸ்டாண்ட் ஸ்பீக்கர்ல குறட்டைன்னு. அது நீதானே?"

"எது?"

"நடிக்காதம்மா. கேட்டதுமே தெரிஞ்சிருச்சு. இருபத்தஞ்சு வருஷம் பக்கத்து ரூம்ல கேட்டுட்டுப் படுத்தவ நான்."

அக்கா ஸ்பீக்கரை அணைக்க எதையோ தேடினார், கிடைக்கவில்லை.

"இதுக்காகவாம்மா நீ ராத்திரி தங்கல?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"சொல்லும்மா. மேனேஜரும் இல்ல, டியூட்டியும் இல்ல. இதுதானே?"

"உன் மாமியார் முன்னாடி எப்படிடா..." என்று ஆரம்பித்துக் குரல் உடைந்தது. ஊரே மயங்குகிற அந்தக் குரல்.

மகள் மெதுவாகச் சொன்னாள். "அத்தை விடற குறட்டையில கதவு ஆடும்மா. நாங்க யாரும் அதை ஒரு பொருட்டாவே நினைச்சதில்ல. நான் பாப்பாவ வச்சுக்கிட்டு தனியா முழிச்சிருந்த ராத்திரியெல்லாம், அம்மாவுக்கு என் மேல என்ன கோபம்னு யோசிச்சு அழுதிருக்கேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

ஃபோன் அணைந்த பிறகும் அக்கா அதைக் கையிலேயே வைத்திருந்தார். குறட்டை கேட்டு ஊர் சிரித்தபோது மேசைக்குக் கீழே ஒளிந்தவர், இப்போது ஒளியவில்லை. ஒளிந்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் நானும் அவர் கணவரும் அவரைக் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனோம். டாக்டர் அம்மாள் கேட்டார், கணவர் அந்த 'நடுவுல சத்தமே இல்ல' சமாசாரத்தைச் சொன்னார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "அது குறட்டை நின்னதில்லம்மா. மூச்சு நின்னது." தொண்டை தளர்ந்து அடைத்துக்கொள்கிறது, உடம்பு திணறி எழுப்புகிறது, ராத்திரி பூராவும் இதே வேலை, பகலில் கண் சொக்காமல் என்ன செய்யும் என்று விளக்கினார். ஒரு ராத்திரி ஒயரெல்லாம் ஒட்டிப் படுக்க வைத்துச் சோதித்தார்கள். மூக்கில் மாட்டிக்கொள்கிற ஒரு மெஷினைக் கொடுத்தார்கள். எடையைக் குறைக்கச் சொன்னார்கள். சந்தோஷப்பட்டு எனக்கு டீ வாங்கித் தந்தது எதற்கு என்று அக்கா அன்று வெளியே வந்துதான் சொன்னார். எனக்கு அந்த டீ இப்போது கசந்தது.

ஒரு மாச லீவு கிடைத்தது. அக்கா கிளம்பினார். பத்து நாள் கழித்து, மெஷினுக்குச் சின்னதாக ஒரு பாகம் மாற்ற ஆஸ்பத்திரிக்கு வந்தவர், என் ஜன்னலில் வந்து நின்றார். முகம் தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போயிருந்தது.

"மெஷின் எப்படிக்கா?"

"சத்தமே இல்லடி. செத்தவ மாதிரி தூங்கறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா பாப்பா எங்கிட்டத் தூங்க மாட்டேங்குது."

"புது இடம்னு நினைக்குமோ?"

"அதுக்கு அது பழைய இடம், நான்தான் புதுசு. தோள்ல போட்டுப் பாத்தேன், தட்டிப் பாத்தேன், ஒரே அழுகை. சம்பந்தியம்மா வாங்கிப் பக்கத்துல போட்டுக்கிட்டுப் படுத்தாங்க. ரெண்டு நிமிஷத்துல அந்தம்மா குறட்டை. கதவு நிஜமாவே ஆடுதுடி. அந்தச் சத்தம் கேட்டதும் பாப்பா கண்ணு அப்படியே சொருகுது. பொறந்ததுலேர்ந்து அதைக் கேட்டுத்தான் தூங்கியிருக்கு."

பின்னால் நின்ற ஆள் பொறுமையிழந்து இருமினான். நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன்.

"அந்தம்மா ஒருநாளும் வெக்கப்படல" என்றார் அக்கா. "அதனால அங்க தூங்குது. நான் வெக்கப்பட்டு வெக்கப்பட்டு, எம் பேத்திக்கு என் சத்தமே தெரியாமப் போச்சு. ஊரு சிரிச்சப்போகூட எனக்கு இவ்வளவு அசிங்கமா இல்லடி."

மாடியில் அக்காவுக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த புதுப் பெண் கரகரவென்று எதையோ அறிவித்தாள். ஒரு எழுத்து புரியவில்லை.

"என்னடி சொல்றா? மத்தியான வண்டி எந்த மேடை?" என்று அக்கா கேட்டார். அவர் என்னிடம் வண்டி விசாரித்தது அதுதான் முதல் தடவை.

"ரெண்டாவது மேடைக்கா. சாயங்கால வண்டியில போனா என்ன? சாப்ட்டுட்டுப் போலாம்ல."

"வேணாம். அது தூங்கறதுக்குள்ள போயிரணும். இந்தப் பக்கம் சம்பந்தியம்மா, அந்தப் பக்கம் நான், நடுவுல பாப்பா. சும்மா படுத்திருக்கேன். பழகட்டும்."

பையை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டாவது மேடைக்கு ஓடினார். பையிலிருந்து மெஷினின் ஒயர் ஒன்று வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளி மறைக்க அவர் நிற்கவில்லை.