கவிழ்த்த டிரம்

சேந்தமங்கலம் பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பசைகூடக் காயவில்லை. அதில் அந்தச் சுகாதார அதிகாரி சிரித்துக்கொண்டிருந்தார். அதே சிரிப்பு. என் பஸ் போய்விட்டது.

பசை வாசனை என்றாலே எனக்கு ஸ்டெல்லா மேடம்தான். சேலத்துக்காரர். வெயில், மழை, டெங்குக் காய்ச்சல் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் புள்ளியியல் ஆய்வு அவருடையது. அவருக்காக ஊர் வரைபடங்களைச் சுவரில் ஒட்டுவது பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு உத்தியோகம். கோணலாகத்தான் ஒட்டுவேன்.

"விடும்மா, காய்ச்சல் மட்டும் நேராவா வருது?" என்பார்.

வெயில் ஏறினால் குழாய்த் தண்ணீர் வருவது தள்ளிப்போகிறது. சனங்கள் டிரம்மில் பிடித்து வைக்கிறார்கள். கொசு அதில் பெருகுகிறது. கோடையிலேயே டிரம்முக்கு மூடி கொடுங்கள் என்று சுகாதாரத் துறைக் கூட்டத்தில் சொன்னார் மேடம்.

அதிகாரி எழுந்தார். "ஏனுங்க மேடம், மழையில்லாம கொசு எங்கிருந்துங்க வரும்? உங்க கம்ப்யூட்டர்லயா முட்டையிடும்?"

அவரோடு கூட்டமே சிரித்தது. டீ கொடுத்துக்கொண்டிருந்த எனக்குக் காது சுட்டது, அவருக்கும் ஒரு டம்ளர் நீட்டினேன். அதிகாரி மேலிடத்தில் என்ன சொன்னாரோ, ஆய்வை நிறுத்திவிட்டார்கள். மேடம் ஊரைவிட்டே போனார்.

நான் டவுனில் கொசுப்புழு பார்க்கும் தினக்கூலி வேலையில் சேர்ந்தேன். புழு இருந்தால் யார் வீட்டுத் தண்ணீரையும் அங்கேயே கவிழ்க்கலாம். அதற்காகத்தான் சேர்ந்தேன் என்றால் நம்புவீர்களா? அந்த அதிகாரியின் தெரு என் பங்குக்கு வரும்வரை காத்திருந்தேன்.

வந்தது. நல்ல கோடை, குழாய் வறண்ட வாரம். அவர் வீட்டு டிரம்மில் டார்ச் அடித்தேன். நெளிந்தன.

"நம்மூட்டுத் தண்ணியத் தொடாத புள்ள!" என்று ஓடி வந்தார்.

காலிக் குடங்களோடு நின்ற தெருவே பார்க்க டிரம்மைக் கவிழ்த்தேன்.

"ஏனுங்க சார், மழையே இல்லீங்களே. இதெல்லாம் எங்கிருந்துங்க வந்துச்சு? கம்ப்யூட்டர்ல இருந்துங்களா?"

ஆயுளில் நான் சத்தமாகப் பேசியது அதுதான். இன்றும் இனிக்கிறது.

போஸ்டரைப் பார்த்தவள் நேரே துக்க வீட்டுக்குப் போனேன். அழுவதற்காக அல்ல. பின்பக்கம் போய் டிரம்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மூடி, மூடிக்கு அடியில் துணி. வெயிலில் வெளுத்த பழைய மூடிகள். அப்படியானால் மனிதருக்கு என்றோ புரிந்திருக்கிறது. புரிந்தும் மேடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இனிச் சொல்ல அவரும் இல்லை. கூட்டம் நடந்த கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். எனக்குக் கை மட்டும் துறுதுறுத்தது. கவிழ்க்க ஒன்றுமில்லை.